ஆறு கிலோவுக்குப் பத்து ஆண்டா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர். என் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தான். பழக்கமான ஒருவர் தன் செலவில் டிக்கெட் எடுத்து அவனைப் பாங்காக் கூட்டிப்போனார். ஒரு பெட்டியைக் கொண்டுவந்தால் ஐம்பதாயிரம் தருவதாகச் சொன்னாராம். சிங்கப்பூர் வழியாகத் திரும்பும்போது கோவை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் பிடித்துவிட்டார்கள். அவருடைய இரண்டு பெட்டிகளில் 22 கிலோ, தம்பியின் பெட்டியில் 6 கிலோ ஹைட்ரோபோனிக் கஞ்சா. தம்பியை மிரட்டி வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வக்கீலும் ஒழுங்காக வாதாடவில்லை. சிறப்பு நீதிமன்றம் இருவருக்கும் பத்து ஆண்டும் ஒரு லட்சம் அபராதமும் விதித்து ஐந்து வாரம் ஆகிறது. ஏற்கெனவே இரண்டரை ஆண்டாக அவன் சிறையில் இருக்கிறான். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அந்த நபரின் வீட்டார், இருவருக்கும் சேர்த்து அவர்கள் செலவிலேயே அப்பீல் போடுவதாகச் சொல்கிறார்கள். வேறொருவர், பதினைந்து லட்சம் கொடுத்தால் ஜாமீன் நிச்சயம் என்கிறார். தோட்டத்தை விற்கலாமா? (கடிதம் சுருக்கப்பட்டு, அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கக்கூடிய வரி ஒன்றுதான். தம்பியின் பெட்டியில் இருந்தது 6 கிலோ.

கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் இருந்தால் அது வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு. உயர் நீதிமன்றம் நினைத்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. ஒரு கிலோவுக்கு மேல், 20 கிலோ வரை என்றால் பத்து ஆண்டு வரை தண்டிக்கலாம். குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. 6 கிலோ கொண்டுவந்தவனுக்குப் பத்து ஆண்டு கட்டாயமானது எப்படி? இருவரும் கூட்டுச் சதி செய்தார்கள் என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, 22-ஐயும் 6-ஐயும் கூட்டி 28 ஆக்கியதால்தான். சதி நிரூபிக்கப்படவில்லை என்றால் அவரவர் பெட்டி அவரவர் கணக்கு. உங்கள் மேல்முறையீடு இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். மிரட்டாமல் வாங்கியிருந்தாலும் அதிகாரிகள் 67-ஆவது பிரிவில் எழுதி வாங்கும் குற்ற ஒப்புதல் செல்லாது. நம் மாநில வழக்கான தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்துவிட்டது. மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்கும் 50-ஆவது பிரிவின் உரிமை உடல் சோதனைக்கு மட்டுமே, பெட்டிக்குக் கிடையாது. பிடிபட்ட சரக்கிலிருந்து பரிசோதனைக்கு மாதிரி எடுத்ததில் குறை இருந்தால் மனுவில் எழுதலாம். ஆனால் அந்தக் குறை ஒன்றாலேயே விடுதலை கிடைத்துவிடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய வக்கீல் மீதான கோபத்தை மனுவில் காட்டாதீர்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.

நான் உண்மையிலேயே பயப்படுவது உங்கள் கதையைப் பார்த்துத்தான். "அவர்தான் டிக்கெட் எடுத்தார், அவர்தான் பணம் தருவதாகச் சொன்னார், என் தம்பி வெறுமனே தூக்கி வந்தான்." கேட்பவர்களின் மனம் இளகும் என்று நினைத்து இதைச் சொல்கிறீர்கள். சட்டத்தின் காதில் இதுவே கூட்டுச் சதி. ஒருவர் திட்டமிட்டு, செலவு செய்து, கூலி பேசி, இன்னொருவர் சுமந்து வந்தால் 29-ஆவது பிரிவுக்கு வேறென்ன வேண்டும்? இதே தவற்றைப் பல குடும்பங்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மேல்முறையீடு முடியும்வரை வெளியே விடக் கேட்கும் தண்டனை நிறுத்திவைப்பு மனுவுக்கு அக்காவோ மனைவியோ பிரமாணப் பத்திரம் தருவார்கள். அதில் உருக்கமாக இந்தக் கதை இருக்கும். விசாரணையில் அரசுத் தரப்பு நிரூபிக்க முடியாமல் விட்டதை வீட்டாரே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார்கள். அரசு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் வாசிப்பார்.

நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. விசாரணை முடிவில் நீதிபதி கேட்டபோது தம்பி "எல்லாம் பொய்" என்று மட்டும் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேல்முறையீடு அந்தப் பதிவுகளின் மீதுதான் நடக்கும். புதுக் கதைக்கு அங்கே இடமில்லை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தெரியாது என்ற வாதமும் எடுபடாது. 35-ஆவது பிரிவின்படி, தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியவன் அவன்தான்; அதற்கு ஒரு சாட்சியைக்கூட நீங்கள் விசாரிக்கவில்லை.

வாக்குமூலங்கள் இரண்டையும் எடுத்துவிட்டால் சதிக்கு மிச்சம் என்ன? ஒரே டிக்கெட் பதிவும் சில தொலைபேசி அழைப்புகளும் இருக்கலாம். சேர்ந்து பயணம் செய்தார்கள், பேசிக்கொண்டார்கள் என்பதற்கு மேல் அவை எதையும் காட்டவில்லை என்று வாதாட முடியும். அழைப்புப் பட்டியலுக்கு மின்னணு ஆவணச் சான்றிதழ் இணைக்கப்பட்டதா என்றும் பாருங்கள். தீர்ப்பில் சதி பற்றிய பத்தி முதல் எதிரியின், அதாவது தம்பியைக் கூட்டிப்போனவரின், வாக்குமூலத்தை நம்பி எழுதப்பட்டிருந்தால், அதைவிட வலுவான காரணம் உங்களுக்குக் கிடைக்காது.

அதனால்தான் அந்த வீட்டாரின் உதவியை இன்றே மறுத்துவிடுங்கள் என்கிறேன். 22 கிலோ வைத்திருந்தவருக்குக் கணக்கைப் பிரிப்பதால் ஒரு லாபமும் இல்லை; பிரித்தாலும் அவர் வணிக அளவில்தான் நிற்பார். அவர் தப்ப இருவரும் முழுமையாக விடுதலையாக வேண்டும், அல்லது தன் பெட்டிகளில் ஒன்று உங்கள் தம்பியுடையது என்று ஆக வேண்டும். ஒரே டிக்கெட்டில் வந்தவர்களின் லக்கேஜ் டேக் ஒரே பெயரில் போடப்படுவது உண்டு. எந்த டேக் யார் பெயரில் இருந்தது என்பதை மகஜரோடு, அதாவது பறிமுதல் குறித்து அங்கேயே எழுதிய ஆவணத்தோடு, ஒப்பிட்டுப் பார்க்காமல் இருவருக்கும் பொதுவான வக்காலத்தில் கையெழுத்திட்டால், தம்பியின் 6 கிலோ வாதத்தை எழுந்து சொல்ல அந்த நீதிமன்றத்தில் ஆளே இருக்காது. இருவருக்கும் ஒரே வழக்கறிஞர், பணம் முதல் எதிரி வீட்டுப் பணம் என்றால், கூட்டாளிகள் என்ற எண்ணமும் வலுப்படும்.

இனி நீங்கள் விரும்பாத ஒன்று. முழு விடுதலையை இலக்காக வைக்காதீர்கள். போதைப்பொருள் வழக்கில் சமரசம் கிடையாது. ஆனால் எதற்காகச் சண்டை போடுவது என்பதை நாம் சுருக்கிக்கொள்ளலாம். பெட்டியை வைத்திருந்ததற்கான தண்டனைத் தீர்ப்பை விட்டுவிட்டு, சதியை மட்டும் உடைத்து, தண்டனையைக் குறைக்கக் கேளுங்கள். அப்போதுதான் அம்மாவின் டயாலிசிஸும், தம்பியின் வயதும், முன்வழக்கு இல்லாததும், சிறையில் கழித்த இரண்டரை ஆண்டும் நீதிபதியின் முன் எடைபெறும். பத்து ஆண்டு கட்டாயம் என்று இருக்கும்வரை அவற்றுக்கு மதிப்பே இல்லை.

தோட்டத்தை விற்காதீர்கள். பதினைந்து லட்சத்துக்கு ஜாமீன் நிச்சயம் என்பவர் உங்களை ஏமாற்றுகிறார். வணிக அளவு என்று இருக்கும்வரை, ஜாமீனுக்குக் கடும் நிபந்தனை போடும் 37-ஆவது பிரிவு தண்டனை நிறுத்திவைப்புக்கும் குறுக்கே நிற்கும். அதைத் தாண்டும் வழியும் இதே 6 கிலோ வாதம்தான். செலவைத் தாங்க முடியாவிட்டால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பியுங்கள். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனு அனுப்பலாம்.

மேல்முறையீட்டுக்கான அறுபது நாள் கெடுவில் ஐந்து வாரம் போய்விட்டது. இந்த வாரமே தீர்ப்பு நகல், மகஜர், லக்கேஜ் டேக் சான்றாவணங்கள், சுங்க அதிகாரிகளின் சாட்சியம் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். அடுத்த முறை சிறையில் தம்பியைப் பார்க்கும்போது, முதல் எதிரியின் ஆட்கள் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வக்காலத்தில் கையெழுத்திட்டிருந்தால் அதை ரத்து செய்யும் கடிதத்தை அன்றே எழுதி வாங்குங்கள்.