ஜப்பானில் சகுரா பார்க்க எப்போது போகலாம்? ஹனாமியில் என்னதான் செய்வார்கள்?

மார்ச் கடைசி வாரத்துக்கு டிக்கெட் போட்டால் சகுரா, அதாவது செர்ரிப் பூ, பூத்திருக்குமா, ஹனாமி என்று பூ பார்க்க மரத்தடியில் விரிப்புப் போட்டு உட்காருகிறார்களே, அதில் நாமும் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டோக்கியோவில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். உட்காருவதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். பூ விஷயத்தில்தான் உத்தரவாதம் கிடையாது. டோக்கியோவையும் ஒரே ஒரு மரவகையையும் மட்டும் நம்பிப் போனால் ஏமாறலாம். கொஞ்சம் விரித்துத் திட்டம் போட்டால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

டோக்கியோவில் முதல் பூ விரிவது சராசரியாக மார்ச் 24. மரம் நிறைவது மார்ச் 31. ஆனால் பூ சராசரி பார்த்தா பூக்கிறது? 2023இல் மார்ச் 14ஆம் தேதியே பூத்துவிட்டது. மறு வருஷம் மார்ச் 29 வரை காக்க வைத்தது. மரம் நிறைந்தபின் ஒரு வாரம் தாங்கும். நடுவில் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் அதுவும் இல்லை.

பூத்துவிட்டது என்று சொல்வதற்கும் இங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். யாசுகுனி ஆலய வளாகத்தில், இதற்கென்றே குறித்துவைத்த ஒரு மரம் நிற்கிறது. வானிலைத் துறை ஊழியர் வந்து, அண்ணாந்து பார்த்து, கிளை கிளையாக எண்ணுவார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் டோக்கியோவில் சகுரா பூத்ததாக அறிவிப்பார். சுற்றி நிற்கிற கூட்டம் கைதட்டும், டிவி கேமராக்கள் மொய்க்கும். நாலு பூதான் என்றால் எல்லோரும் கலைந்து போக வேண்டியதுதான். முன்பெல்லாம் என்றைக்குப் பூக்கும் என்ற முன்கணிப்பையும் இதே துறைதான் சொல்லிவந்தது. 2010இலிருந்து அதைத் தனியார் வானிலை நிறுவனங்களிடம் விட்டுவிட்டார்கள். நீங்களே போடக்கூடிய கணக்கு ஒன்றும் உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொடும் நாளையொட்டிப் பூக்கும் என்பார்கள். எங்கள் ஆபீசில் ஒருவர் இதற்காக எக்செல் ஷீட்டே வைத்திருக்கிறார்.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பூப்பதற்குக் காரணம், நீங்கள் படங்களில் பார்க்கும் வெளிர் ரோஜா நிற மரங்களில் பெரும்பாலானவை ஒரே மரத்தின் நகல்கள் என்பதுதான். சோமெய் யோஷினோ என்று பெயர். சோமெய் என்பது இன்றைய டோக்கியோவின் கோமகோமே பக்கம் இருந்த கிராமம். அங்கிருந்த செடி வளர்ப்பவர்கள் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய வகை. விதை போட்டு இதே மரத்தை எடுக்க முடியாது, ஒட்டுக்கட்டித்தான் வளர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மரபணு ஒன்றே என்பதால் ஒரே வட்டாரத்தில் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டுகின்றன. இலை வரும் முன்னே பூ வந்துவிடுவதால் கிளையே தெரியாது.

இனி ஹனாமி. 812இல் சாகா பேரரசர் கியோட்டோவில் நடத்திய விருந்திலிருந்து தொடங்கிச் சொல்வார்கள். ரொம்ப காலம் அது அரண்மனைக்காரர்கள் சமாச்சாரம். சாதாரண ஜனங்களுக்கு வாசலைத் திறந்தவர் என்று நான் நினைப்பது ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) யோஷிமுனேவை. அன்றைக்கு டோக்கியோவின் உவேனோ, ஷோகுன்களான தொகுகாவா குடும்பத்துக் கோயில் நிலம். பூ பார்க்கலாம், ஆனால் குடித்துக் கூத்தடிக்க முடியாது. இருட்டினால் கிளம்ப வேண்டும். யோஷிமுனே 1720 வாக்கில் அசுகாயாமா குன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டு, ஜனங்கள் ஆடிப்பாட விட்டார். அந்த இடம் இன்றும் பூங்காதான், ஓஜி ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. உவேனோ கூட்டத்தில் முட்டி மோதுவதைவிட அங்கே போங்கள் என்பேன்.

ஆபீஸ் ஹனாமியில் மிகப் பாவப்பட்ட ஆள், அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பையன்தான். இடம் பிடிக்கக் காலையிலேயே அனுப்பிவிடுவார்கள். நீல நிற பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, கம்பெனி பெயரை எழுதி வைத்துக்கொண்டு தனியாகப் போனை நோண்டிக்கொண்டிருப்பான். பூ மலர்ந்தாலும் ஊர் குளிர்ந்துதான் கிடக்கும். தரையின் ஜில்லிப்பு விரிப்பைத் தாண்டி ஏறும். விவரம் தெரிந்தவன் அடியில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டிருப்பான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் விரிப்பில் ஏற வேண்டும், இதில் நமக்குச் சிரமமே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மேனேஜர்கள் பீர் கேனோடு வந்து சேருவார்கள். அதன்பிறகு அண்ணாந்து பூவைப் பார்ப்பவர்கள் குறைவு, சத்தியமாக.

சாப்பாட்டில் சகுராமோச்சி என்ற அரிசி இனிப்பை விடாதீர்கள். உள்ளே பயற்றுப் பூரணம், மேலே உப்பில் ஊறிய செர்ரி இலை. இலையோடு கடித்தால் இனிப்பும் உப்பும் சேர்ந்து வரும். அதுவும், ரோஜா, வெள்ளை, பச்சை என்று குச்சியில் கோத்த மூவர்ண தாங்கோ என்ற அரிசிமாவு உருண்டையும் சைவம்தான். பென்டோ என்ற கட்டுச்சோற்றுப் பெட்டியில்தான் ஜாக்கிரதை வேண்டும். காய்கறியைக்கூட மீன் சாற்றில் வேகவைத்திருப்பார்கள். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாய் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்புவதன் நியாயம் அப்போது புரியும். ஷின்ஜுகு கியோயென் தோட்டத்துக்குப் போனால் மது கொண்டுபோகக் கூடாது, வாசலில் பையைப் பார்ப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் நிம்மதியான இடம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: செல்ஃபிக்காகக் கிளையை இழுக்காதீர்கள். செர்ரி மரத்தில் காயம் பட்டால் அந்த இடம் எளிதில் அழுகும். ‘செர்ரியை வெட்டுபவனும் முட்டாள், பிளம்மை வெட்டாதவனும் முட்டாள்’ என்று இவர்களிடமே பழமொழி உண்டு. அந்தப் பழமொழியையே பொய்யாக்கிய ஊர் வடக்கே அவொமோரி மாகாணத்தின் ஹிரோசாகி. ஆப்பிள் விளையும் பூமி. ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்த கை அப்படியே செர்ரியிலும் இறங்கியது. வெட்டிய இடத்தில் மருந்து பூசி, உரம் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கோட்டைப் பூங்காவில் நூறு வயதைத் தாண்டிய சோமெய் யோஷினோக்கள் இன்னும் பூக்கின்றன. வழக்கமாக ஒரு மொட்டில் மூன்று, நாலு பூ வரும்; அங்கே ஐந்துக்கு மேலும் வருகிறது. உதிர்ந்த இதழ் அகழி நீரை மூடிவிடும், தண்ணீர் இருப்பதே தெரியாது.

அதனால் உங்கள் தேதி பிந்திவிட்டால் கவலை வேண்டாம். ஏப்ரல் பின்பாதி என்றால் ஹிரோசாகிக்கு ரயில் ஏறுங்கள். ஏப்ரல் நடுவில் என்றால் ஒசாகா நாணயச் சாலைக்கு. பல அடுக்கு இதழ் கொண்ட வகைகள் சோமெய் யோஷினோவுக்குப் பிந்திப் பூப்பவை. நாணயச் சாலை வளாகத்தில் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 1883 முதல் ஆண்டுக்கு ஒரு வாரம் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். விரிப்பெல்லாம் அங்கே செல்லாது. தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேறும் ஒருவழிப்பாதை, அரைக் கிலோமீட்டர் நடை. சமீப ஆண்டுகளில் இணையத்தில் முன்பதிவு கேட்கிறார்கள். கிளம்பும் முன் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.