வெள்ளம் வந்த கிராமத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டு போறவங்க என்ன எடுத்துட்டுப் போகணும், யாருக்குக் கொடுக்கணும்?

2023 டிசம்பர் 17, 18ல எங்க திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் பெய்ஞ்ச மழையை வச்சு சொல்லுதேன். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சு, மேல அணையில திறந்த தண்ணியும் சேந்து தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே வந்துட்டு. கீழ ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் குளம் உடைஞ்சு ரோட்டை அறுத்துட்டுப் போயிட்டு, கரண்டு இல்ல, டவர் இல்ல, உள்ள இருக்கவங்க உயிரோட இருக்காங்களான்னு கேக்கக்கூட வழியில்ல.

தண்ணி வடிய ஆரம்பிச்சதும் பாளையங்கோட்டையில இருந்து நாங்க எட்டுப் பேரு ஒரு டாடா ஏஸ்ல பிரட்டு, பிஸ்கட்டு, தண்ணி பாட்டில், பழைய துணின்னு ஏத்திக்கிட்டு போனோம். போயி மெயின் ரோட்டு மேல இருந்த முதல் ஊர்லயே நிறுத்தி எல்லாத்தையும் கொடுத்து முடிச்சிட்டோம். அப்ப முழங்கால் வரைக்கும் சகதியோட ஒரு பையன் வந்து நின்னான், "அண்ணே, இவங்களுக்கு காலையில இருந்து இது மூணாவது வண்டி, எங்க ஊருக்குள்ள இன்னும் ஒருத்தரும் வரல"ன்னான். வண்டியில அவனுக்குக் கொடுக்க ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

அதனால என்னைக் கேட்டா முதல்ல பாக்க வேண்டியது இதுதான், ரோட்டு மேல நிக்காதீங்க, உள்ளூர்க்காரர் ஒருத்தரை வண்டியில ஏத்திக்கிட்டு உள்ள போங்க. மறுநாள் அந்தப் பையனைக் கூட்டிக்கிட்டுத்தான் போனோம், சகதியில டாடா ஏஸ் போகாதுன்னு சொன்னதும் அவனே ஒரு டிராக்டர் பிடிச்சுக் கொடுத்தான். ஊருக்குள்ளயும் முகப்புல நின்னு கொடுத்தா முகப்புத் தெருவோட தீந்துரும். ஊருக்கு வெளிய, வாய்க்கால் ஓரத்துல, தாழ்வா இருக்க கடைசித் தெருவுக்குத்தான் தண்ணி முதல்ல போச்சு, சாமான் கடைசியா போகுது. அதனால அங்க இருந்து ஆரம்பிங்க. மகளிர் குழுவுல ஒரு அக்கா நோட்டு வச்சு வீட்டுக்கு ஒரு பேருன்னு எழுதிக் கொடுத்தாங்க, தள்ளுமுள்ளே இல்ல.

அந்தக் கடைசித் தெருவுல ஒரு ஆச்சி. மண்சுவரு சரிஞ்சு கிடக்கு, அஞ்சு கிலோ அரிசிப் பையை நீட்டுனா வாங்கல. "எய்யா, அடுப்பும் போச்சு வெறகும் போச்சு, அரிசிய வச்சு நான் என்னய்யா செய்ய"ன்னுட்டு இடுப்புல இருந்து சுருக்குப்பையை அவுத்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாங்க. சகதி ஒட்டிக் காஞ்சு போயிருந்துச்சு, ஒரு மாத்திரைதான் மிச்சம், சுகர் மாத்திரை. "இது கெடைக்குமா"ன்னு கேட்டாங்க. அட்டையை போட்டோ எடுத்துக்கிட்டோம், அதுக்குப் பெறகு எல்லா வீட்லயும் முதல் கேள்வியே என்ன மாத்திரை சாப்பிடுறீங்கங்கிறதுதான். அடுத்த தடவை தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரையும் கூட்டிட்டுப் போனோம், நாமளா பாத்து மாத்திரை கொடுக்கக் கூடாது.

அரிசி வேணும்தான், ஆனா முதல் ரெண்டு மூணு நாளு சமைச்ச சோறு, குடிதண்ணி, பால்பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி. அப்புறம் பாய், போர்வை, புது லுங்கி, நைட்டி, உள்ளாடை, நாப்கின், கொசுவத்தி, பிளீச்சிங் பவுடர். நாப்கினை யாரும் வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க, உங்க கூட வர்ற பொம்பளப் பிள்ளைங்க தனியா கொடுக்கணும். பழைய துணி வேண்டவே வேண்டாம், நாங்க போட்டதே பள்ளிக்கூட வராண்டாவுல குவிஞ்சு நனைஞ்சு நாறிக் கிடந்துச்சு, அதை அள்ளுற வேலையும் அந்த சனங்க தலையிலதான் விழுந்துச்சு. வாங்குறவங்க மூஞ்சியை போட்டோ எடுக்காதீங்க, வெள்ளத்துக்கு முந்தின நாள் வரைக்கும் வந்தவங்களுக்கு சோறு போட்ட வீடுங்க அது.

இன்னொண்ணு, மாடு. பிசானப் பருவத்துக்கு நெல்லு நட்ட வயல் மேல மணல் மூடிக் கிடக்கு, வைக்கோல் படப்பு ஆத்தோட போயிட்டு, பொழச்ச மாட்டுக்குத் தின்ன ஒண்ணுமில்ல. ஒரு மாமா நாங்க கொடுத்த பிரட்டைப் பிச்சுப் பிச்சு கன்னுக்குட்டிக்கு ஊட்டிக்கிட்டு இருந்தாரு, அவரு சாப்பிடல. நாலாவது தடவை போகும்போது ஆச்சி மாத்திரையை சட்டைப்பையில வச்சுக்கிட்டு வண்டியில பாதிக்கு வைக்கோல்கட்டுதான் ஏத்திட்டுப் போனோம்.