சுவர் எழுப்பினால் போதாதா?

கேள்வி: கடல் மட்டம் உயர்கிறதே, சின்னத் தீவுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் போதாதா?

பதில்: அலையைச் சுவர் தடுக்கும், சரி. அடியில் என்ன செய்வது? பவளத் தீவின் தரை சல்லடை மாதிரி; உப்புநீர் கீழிருந்தே ஊறி வரும். மழைநீரோ எடை குறைவு என்பதால் மண்ணுக்குள் அந்த உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கிணறும் பயிரும் அதை நம்பித்தான். பசிபிக் கடலின் தீவு நாடான துவாலுவில் அந்த நன்னீர் மட்டம்வரை குழி தோண்டி, இலைதழை போட்டு, புலாக்கா என்ற சேம்பு வகைக் கிழங்கை வளர்க்கிறார்கள். குழியில் உப்பு ஏறினால் இலை மஞ்சளித்து, கிழங்கு அழுகிவிடும். வீடு மூழ்குவதற்கு முன்பே சோறும் தண்ணீரும் போய்விடும்!

என்னைக் கேட்டால், முதல் செலவு கூரைநீர்த் தொட்டிக்கு. அப்புறம் பவளப்பாறையைக் காப்பதற்கு. அலை வேகத்தில் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. தீவுக்கு மணல் வருவதும் அங்கிருந்துதான்; அதில் ஒரு பங்கு, கிளிமீன் பாறையைக் கொறித்துக் கழித்துப் போடுவது.