குழு முடிவுக்கு ஃபஸி விருப்பக் கணக்கு எதற்கு, கை தூக்கினால் போதாதா?

கை தூக்கினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு இந்தத் தசம எண்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் படிவம் நீட்டி நிரப்பச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதை நீட்டிய பாவி நான்தான்.

மென்பொருள் ஒன்று வாங்க வேண்டும். அ, ஆ, இ என மூன்று வந்திருந்தன. நாங்கள் ஆறு பேர். ஃபஸி என்றால் ஆம், இல்லை என்று வெட்டாமல், எவ்வளவு பிடிக்கும் என்று அளவு சொல்வது. ஒவ்வொரு ஜோடிக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் போட வேண்டும். 0.5 என்றால் இரண்டும் சமம், 1 என்றால் முதலாவதுதான் வேண்டும், 0 என்றால் இரண்டாவதுதான். அ, ஆ ஜோடிக்கு நானும் இன்னொருவரும் 0.9 போட்டோம், மூன்று பேர் 0.4, மேலாளர் 0.5. கை தூக்கியிருந்தால் மூன்றுக்கு இரண்டு என்று ஆ ஜெயித்திருக்கும். ஆனால் அந்த மூவருக்கும் ஆ மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரோ வாங்குகிற மென்பொருளோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியவர்கள். சராசரி 0.58, அ பக்கம்.

வேண்டுமென்றே 1 போட்டுச் சராசரியைத் தன் பக்கம் இழுக்கலாமே என்று உடனே ஒருவர் வருவார். இழுக்கலாம், மறுக்கவில்லை. அதற்கு யாகர் என்ற ஆய்வாளர் 1988ல் சொன்ன முறை உதவும்: எண்களை வரிசைப்படுத்தி, நிற்கும் இடத்துக்கு ஏற்ப எடை போடுவது. இரண்டு ஓரத்துக்கும் எடையைக் குறைத்தால் இழுப்பு அடங்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று வெட்டிப் பார்த்தேன். 0.55. அப்போதும் அ தான்.

மானம் போனது அப்புறம்தான். ஒருவர் போட்ட எண்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று பார்க்க, டனினோ என்ற ஆய்வாளரின் 1984 கட்டுரையில் ஒரு விதி உண்டு: அ-ஆ எண்ணையும் ஆ-இ எண்ணையும் கூட்டி 0.5 கழித்தால் அ-இ எண் வர வேண்டும். (0.9, 0.9 என்றால் 1.3 வந்து ஒன்றைத் தாண்டிவிடும். அந்த ஓட்டை எனக்கும் தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.) எல்லாப் படிவத்தையும் சோதித்ததில் மோசமானது என்னுடையது. அ-ஆவுக்கு 0.9, ஆ-இக்கு 0.4 போட்டுவிட்டு, அ-இக்கு 0.8 வர வேண்டிய இடத்தில் 0.3 எழுதியிருந்தேன். இ-யை விற்க வந்தவர் என்னோடு படித்தவர். அந்தக் கட்டத்தை நிரப்பும்போது அவர் முகம்தான் கண்ணில் நின்றது. கை தூக்கியிருந்தால் இது எனக்கே தெரிந்திருக்காது.

சோதனையில் துளிப் பிசகும் இல்லாதது யார் படிவம் தெரியுமா? எல்லாக் கட்டத்திலும் 0.5 போட்ட மேலாளருடையது. கூட்டக் குறிப்பில் "ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது" என்று எழுதியதும் அவரேதான். என் விடுப்பு விண்ணப்பமும் அப்போது அவர் மேசையில்தான் கிடந்தது, மூன்று வாரமாக. கேட்டால், "பார்க்கலாம்."