300 யூரோவுக்குள் லினக்ஸ் மடிக்கணினி: ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, முதுகலைப் படிப்புக்காக இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது, 300 யூரோவுக்குள் உபுண்டு என்ற லினக்ஸ் வகை தடையின்றி ஓடும் மடிக்கணினி வேண்டும், கடையில் புதிதாக வாங்குவதா, ஊரிலிருந்து வருகிறவரிடம் சொல்லி எடுத்துவரச் செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் என்பேன். அந்த விலைக்குக் கிடைக்கும் புதியவை பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. ஊரில் வாங்கியது பழுதானால் இங்கே யாரிடம் போய் நிற்பீர்கள்?

இங்குள்ள நிறுவனங்கள் பணியாளர்களுக்கான கணினிகளைக் குத்தகைக்கு எடுத்துச் சில ஆண்டுகளில் திருப்பிவிடுகின்றன. அவற்றைச் சோதித்து விற்பதற்கென்றே வணிகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் 2018இல் வெளிவந்த லெனோவோவின் திங்க்பேட் டி480ஐத் தேடுங்கள். ரேமுக்கு இரண்டு இடங்கள் உண்டு, பின்பக்க மின்கலத்தைக் கையாலேயே கழற்றலாம், இன்டெல் வைஃபை என்பதால் லினக்ஸ் நிறுவிய உடனேயே இணையம் கிடைத்துவிடும். கைரேகை உணரி மட்டும் எளிதில் வேலை செய்யாது. நான் அதை ஒருநாளும் தேடியதில்லை. திரை 1920×1080 தானா என்று கேட்டு வாங்குங்கள், ஏனெனில் 1366×768 திரையோடும் அதே மாடல் வருகிறது. என்விடியா வரைகலைச் சில்லு சேர்ந்ததைத் தவிருங்கள். படிப்புக்குப் பயன்படாமல் வெப்பத்தையும் டிரைவர் மென்பொருள் தொல்லையையுமே தரும். கையில் பணம் இன்னும் குறைவென்றால் அதற்கு முந்தைய டி470 போதும்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, டி470இன் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை, லினக்ஸுக்கு அந்தப் பேதமில்லை.

வணிகரிடம் இணையவழி வாங்கினால் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு உண்டு. பழைய பொருளின் குறைகளுக்கான சட்டப் பொறுப்பை அவர் ஓராண்டாகக் குறைக்கலாமே தவிர, அறவே கைகழுவ முடியாது. தனிநபரோ அதைச் செய்யலாம். வந்த புதிதில் நான் ஒரு தனிநபரிடம் மலிவாக வாங்கிய மடிக்கணினியில் பழைய நிறுவனத்தின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் அப்படியே இருந்தது. பென் டிரைவிலிருந்து இயக்கக்கூட அது விடவில்லை, விற்றவரும் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே நேரில் வாங்க நேர்ந்தால் உபுண்டு உள்ள பென் டிரைவோடு போய், வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழித்தெழுகிறதா என்பவற்றைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மின்கலத்தின் இப்போதைய கொள்ளளவை 'upower -d' என்ற கட்டளை சொல்லிவிடும்.

விசைப்பலகை ஜெர்மன் அமைப்பில் வரும், ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். அதற்காக விலையைக் கூட்டி வேறொன்றைத் தேட வேண்டாம். அமைப்புகளில் அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உங்கள் விரல்கள் பழகியபடியே தட்டலாம்; எட்டு ஆண்டுகளாக நான் அப்படித்தான் தட்டுகிறேன். என் பெட்டியைக் கடன் வாங்கும் ஜெர்மன் நண்பர்தான் ஒவ்வொரு முறையும் திணறுவார்.