சைக்கிள் ஷூ: ஒரே எண், கம்பெனிக்குக் கம்பெனி ஏன் அளவு மாறுகிறது?

சைக்கிள் ஷூவில் இருக்கும் 42, 43 எல்லாம் ஐரோப்பிய அளவு எண்கள். ஓர் எண் கூடினால் நீளம் சுமார் 6.7 மில்லிமீட்டர் கூடும். சிக்கல் என்னவென்றால், அந்த எண் குறிப்பது உங்கள் பாதத்தை அல்ல, ஷூ செய்யும் அச்சை. அதில் விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம், அகலம் எவ்வளவு என்பது அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். தி.நகரில் ஒரு கடையின் 'எல்' சட்டை கச்சிதமாக இருக்கும், பக்கத்துக் கடை 'எல்' தோளைப் பிடிக்கும். அதே கதைதான்.

சாயங்காலம், கால் லேசாக வீங்கியிருக்கும்போது (ஈசிஆர் வெயிலில் மிதித்தாலும் இப்படித்தான் வீங்கும்) குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, நீளமான விரல் நுனிவரை இரண்டு கால்களையும் அளந்து பாருங்கள். பெரிய அளவை அந்தக் கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், "போடப் போட இளகிடும்" என்பது தோல் செருப்புக்குச் சரி. விறைப்பான நைலான், கார்பன் அடிப்பாகம் நீளத்தில் இளகாது.