சந்தியாகுவும் யாக்கூபும் ஜேம்ஸும் ஒரே பெயரா? – கேள்வி பதில்

பெயர்களைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் கொழும்பு வாசகர்கள் பலர் ஒரே பெயரைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். ஆளுக்கொரு உருவத்தில் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தே பதில் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்: என் அப்பப்பாவின் பெயர் சந்தியாப்பிள்ளை. அடுத்த மாதம் பிறக்கப்போகும் மகனுக்குச் சந்தியாகு என்று வைக்க ஆசை. 'சந்தியா பெண் பெயரல்லவா, மாலை நேரம் என்றுதானே பொருள்' என்று சிநேகிதிகள் கேட்கிறார்கள்.

தயங்காமல் வையுங்கள், தங்கச்சி. மாலையைக் குறிக்கும் சந்தியா வடமொழிச் சொல். உங்கள் அப்பப்பாவின் பெயருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இயேசுவின் சீடர்களில் ஒருவரான செபதேயுவின் மகன் யாக்கோபைத்தான் அது குறிக்கிறது. ஐபீரிய மொழிகளில் அவர் பெயர் இயாகோ. 'புனித' என்ற பொருள் தரும் சாந்த் முன்னால் ஒட்டிக்கொண்டதும் சாந்தியாகோ ஆனது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் வழியாக அது நம் மக்களிடம் வந்தது. போர்த்துக்கேய வாயில் கடைசி ஓகாரம் உகரம் போலத்தான் ஒலிக்கும். தமிழுக்கும் அந்த உகரம் வசதியானது. அப்படித்தான் சந்தியாகு. பின்னால் பிள்ளை சேர்ந்தபோது 'கு' உதிர்ந்து சந்தியாப்பிள்ளை ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் 1647இல் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடினார். கிளாலி யாகப்பர் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் நூல் அது; யாகப்பர் என்பதும் இதே யாக்கோபுதான். அதில் வரும் 'மையோர்' என்பது பெரியவர் என்ற பொருளுடைய லத்தீன் சொல். சீடர்களில் இரண்டு யாக்கோபுகள் இருந்ததால் இவரைப் பெரிய யாக்கோபு என்பார்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயரின் ஜேம்ஸ் இங்கே வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தியாகு தமிழ்ச் செய்யுளில் ஏறிவிட்டது. நம் குடும்பங்களில் தாத்தாவுக்குச் சந்தியாகு, பேரனுக்கு ஜேம்ஸ் என்று ஆகிவிட்டதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. ஜேம்ஸ் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் நம்முடைய பழைய உருவம் ஒன்று உயிரோடு இருக்கிறது, அதையும் பிள்ளைகளுக்கு வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முகத்துவாரத்திலிருந்து: யாக்கோபு என்றால் 'ஏமாற்றுக்காரன்' என்று இணையத்தில் போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து மனைவிக்கு ஒரே கவலை.

மனைவியிடம் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தப் பெயர் முதலில் வருவது சீடருக்கு அல்ல, அவருக்கு வெகு முந்திய ஈசாக்கின் மகனுக்கு. விவிலியத்தின் முதல் நூலில் இரட்டையரில் இளையவனான அவன், அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறக்கிறான். எபிரேயத்தில் குதிகால் 'அக்கேவ்', பையனின் பெயர் 'யாக்கோவ்'. பிறகு தலைமகன் உரிமையும் தந்தையின் ஆசீரும் கைவிட்டுப் போன ஆத்திரத்தில், 'அந்தப் பெயர் அவனுக்குப் பொருத்தம்தான், இரண்டு முறை என்னை ஏய்த்துவிட்டான்' என்று ஏசா கத்துகிறான். இணையத்தில் நீங்கள் பார்த்த பொருள் அந்தக் கோபப் பேச்சிலிருந்து வந்தது. வயிறெரிந்த அண்ணன் சொன்னதைப் பெயரின் பொருளாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

மொழி ஆய்வாளர் பலர் சொல்வது வேறு. 'இறைவன் காப்பாராக' என்ற பொருளுள்ள 'யாக்கோப்-எல்' என்ற நீண்ட பெயரின் சுருக்கம் இது என்கிறார்கள். பழைய மேற்காசிய மக்களான அமோரியர்களிடம் இதே அமைப்பில் பெயர்கள் கிடைக்கின்றன. எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் காலத்து முத்திரைகளில் யாக்குப்-ஹர் என்றொரு பெயரும் இருக்கிறது. எனக்கு இந்த விளக்கமே வலுவாகத் தெரிகிறது. எந்தத் தாய் தகப்பன் பிள்ளைக்கு ஏமாற்றுக்காரன் என்று பெயர் வைப்பார்கள்?

மருதானையிலிருந்து ஒரு சகோதரர்: எங்கள் யாக்கூப் நபியும் இவரும் ஒருவர்தானா?

ஈசாக்கின் மகன் யாக்கோபும் இஸ்ஹாக் நபியின் மகன் யஃகூப் நபியும் ஒருவரே. ஆனால் மேலே சொன்ன சீடர் வேறு ஆள். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவர் நபி. பெயர்தான் பொது. அரபியிலும் அந்த வேருக்குக் குதிகால், பின்தொடர்தல் என்ற பொருள்கள் உண்டு. ஆனால் குர்ஆனில் குதிகால் கதையோ ஏமாற்றும் பேச்சோ வருவதில்லை. யூசுப் அத்தியாயத்தில் மகனைப் பிரிந்து, அழுதழுது கண் வெளுத்துப்போய், 'அழகிய பொறுமை' என்று சொல்லித் தாங்கிக்கொள்ளும் தகப்பனாகவே அவர் வருகிறார். யாக்கூப் என்று பிள்ளையைக் கூப்பிடும் வீட்டில் நினைவுக்கு வருவது அந்தப் பொறுமைதான். ஒரே பெயர்தான், ஆனாலும் ஒவ்வொரு சமூகமும் அதற்குத் தனி நினைவை வளர்த்து வைத்திருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: என் கணவர் தியாகு. பிரேசில் கால்பந்து வீரர் தியாகோ சில்வாவின் பெயரும் இதுதானா?

இல்லை. கணவருடையது தியாகராஜன் போன்ற பெயர்களின் சுருக்கமாக இருக்கும், தியாகம் என்ற சொல்லிலிருந்து வருவது. வீரருடையது சாந்தியாகோவைத் தவறான இடத்தில் வெட்டியதால் பிறந்தது. இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மெதடிஸ்த வாசகர்: தமிழ் வேதாகமத்தில் எல்லாமே யாக்கோபு. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஜேக்கப், ஜேம்ஸ் என்று இரண்டு?

கிரேக்கத்திலேயே பிரிவு தொடங்கிவிட்டது. முற்பிதாவுக்கு, அதாவது ஈசாக்கின் மகனுக்கு, எபிரேய உருவத்தை மாற்றாமல் யாக்கோப் என்று வைத்தார்கள். சீடர்களுக்குக் கிரேக்க விகுதி சேர்த்து யாக்கோபொஸ் என்றார்கள். லத்தீனில் யாக்கோபுஸ். பின்னாளைய பேச்சு லத்தீனில் அது யாக்கோமுஸ் ஆனது. பகரமும் மகரமும் இதழ் பொருந்திப் பிறப்பவை என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள், ஒன்று மற்றதாவது பெரிய அதிசயமில்லை. அந்த மகர உருவம்தான் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஜேம்ஸ் ஆனது. இத்தாலியரின் ஜாக்கோமோவும் அதுவே. முற்பிதாவுக்கு ஜேக்கப் நின்றுவிட்டது, சீடர்களுக்கு ஜேம்ஸ் வந்துவிட்டது. தமிழ் இரண்டையும் பிரிக்கவில்லை. அதுவே நல்லது என்பேன்.

அந்த மகர உருவத்தை இலங்கையில் தேடினால் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் கிடைக்கிறார். கோவாவில் பிறந்து 1705இல் இங்கு வந்து, ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கருக்கு நெருக்கடி இருந்த காலத்தில் 1742இல் இறக்கும்வரை உழைத்தவர். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். ஜாக்கோமே, ஜேம்ஸ், சந்தியாகு மூன்றும் ஒரே வேர்.

தெஹிவளையிலிருந்து: ஜாக்கும் இதுதானே?

ஆங்கில ஜாக் பெரும்பாலும் ஜோனின் செல்லப்பெயர், அதாவது நம் யோவான், அருளப்பர். பிரெஞ்சு ஷாக் மட்டும் யாக்கோபு.

அதே வாசகர்: மகனின் வகுப்பில் ஹேமிஷ் என்றொரு பையன் இருக்கிறான். அதுவுமா?

அதுவும்தான். ஸ்கொத்லாந்தின் கேலிக் மொழியில் ஜேம்ஸ் ஷேமஸ் ஆகும். ஆளைக் கூப்பிடும்போது முதல் எழுத்து இளகி ஹேமிஷ் என்று ஒலிக்கும். முருகனைக் கூப்பிடும்போது முருகா என்கிறோமே, அதே விளி வேற்றுமைதான். கூப்பிட்ட உருவத்தைக் கேட்டவர்கள் அதையே பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

கிராண்ட்பாஸிலிருந்து: எங்கள் கம்பனியில் சாக்கோ என்ற மலையாளி வேலை செய்கிறார். ஜேக்கப்பும் தன் பெயரும் ஒன்று என்கிறார்.

சரியாகத்தான் சொல்கிறார். சாக்கோ கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் யாக்கோபு எடுத்த உருவம். அங்குள்ள யாக்கோபாயர் என்ற சபைப் பெயர் மட்டும் வேறொரு யாக்கோபுவால் வந்தது, 6ஆம் நூற்றாண்டு ஆயர் யாக்கோபு பரதேயு.

மறுபடி கொட்டாஞ்சேனைத் தாய்: சரி ஐயா, சந்தியாகுதான் என்று முடிவாகிவிட்டது. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

சந்தோஷம். ஸ்பானியர் எழுதுவதுபோல் எழுதினால் எல்லோரும் சாந்தியாகோ என்றே வாசிப்பார்கள். கடைசியில் உகரம் வரும்படி எழுதினால் நம் உச்சரிப்பு நிற்கும், நான் அதைத்தான் எடுப்பேன். எதை எடுத்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் ஒரு எழுத்தும் மாறக்கூடாது, பிறகு திருத்த அலைய வேண்டிவரும். பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. அதற்குள் கோயிலில் கேட்டு, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பப்பாவின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றும் பார்த்துவிடுங்கள்.